பேடு முட்டையிட முன்: கடகமா, பலகைப் பெட்டியா, பிளாஸ்டிக் கூடையா?

பேட்டின் கொண்டை சிவந்து, முதுகில் கை வைத்தால் பதுங்கிக் கொடுக்கிறதென்றால் முதல் முட்டைக்கு அதிக நாள் இல்லை. முட்டைக்கென்றே வளர்க்கும் சிவப்புக் கோழிகள் 18 முதல் 20 வாரத்தில் தொடங்கிவிடும். ஊர்க்கோழிக்கு 6 மாதமாவது வேண்டும். அதற்குள் கூட்டில் இடம் தயாராக இல்லாவிட்டால் பேடு வேலியோரத்திலோ விறகு அடுக்குக்குள்ளோ தானே ஓர் இடம் பார்த்துவிடும். பிறகு அதைத் திருப்பி அழைப்பது பெரிய பாடு.

யாழ்ப்பாணத்து வளவுகளுக்கு வசதியான தெரிவுகள் மூன்று. பனையோலையில் பின்னிய கூடையான கடகத்துக்குள் கோழி சுற்றித் திரும்பிக் குந்தலாம். ஓலை சித்திரை வெயிலிலும் தகரம்போலச் சூடேறாது. ஆனால் விளிம்பில் ஏறினால் சரியும். கூட்டுக் கம்போடு இறுகக் கட்டவேண்டும். மேற்புறம் திறந்திருப்பதால் ஒரு துண்டுக் கிடுகைச் சாய்த்து மறைத்துவிடுங்கள். பேட்டுக்கு இருட்டு முக்கியம்.

பலகைப் பெட்டி உழைக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 12 அங்குலம், வாசலில் 4 அங்குலத் தடுப்பு, சாய்ந்த கூரை. இப்படி ஒரு பெட்டி நாலைந்து பேடுகளுக்குப் போதும். பிரச்சினை பொருத்துகளில்தான். பகலில் அந்த இடுக்குகளில் ஒளிந்திருக்கும் உண்ணி இரவில் வந்து கோழியின் இரத்தத்தைக் குடிக்கும். கடி வாங்கிய கோழி பெட்டிக்குள் போக மறுக்கும். சுண்ணாம்பு அடித்து இடுக்குகளை அடைக்கலாம். ஆனால் அந்த வேலை திரும்பத் திரும்ப வரும். கறையானுக்குக் கல் வைத்து உயர்த்தவும் வேண்டும்.

சந்தைக்கு மரக்கறி வரும் பிளாஸ்டிக் கூடையைக் கழுவி வெயிலில் காயவைப்பது சுலபம். அதோடு அதன் பெருமை முடிந்தது. நாலு பக்கமும் ஓட்டை, உள்ளே வெளிச்சம், அடியில் வழுக்கல். சாக்கு சுற்றினால்தான் கோழி எட்டிப் பார்க்கும்.

நாலைந்து பேடுகள்தான் என்றால் என் வாக்கு கடகத்துக்கே. ஓலை மடிப்பிலும் உண்ணி ஒளியும், உண்மைதான். ஆனால் உண்ணி பிடித்த கடகத்தை அடுப்புக்குள் வைத்துவிட்டுப் புதியது கட்டலாம். பலகைப் பெட்டியை எரிக்க யாருக்கு மனம் வரும்? பத்துப் பதினைந்து கோழி என்றால் சரி, பலகைதான். எதை வைத்தாலும் அவை இரவில் குந்தும் கம்பைவிடத் தாழ்வாக வையுங்கள். உயரமாக வைத்தால் அதற்குள்ளேயே படுத்து எச்சமிடும்.

உள்ளே விரிக்க உமியா, வைக்கலா? உமி மலிவு, ஆனால் கோழி இரண்டு கிளறலில் வெளியே தள்ளிவிடும், முட்டை அடியில் போய் மோதும். வைக்கல் குழிவாக நிற்கும். மாரியில் ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்தால் தயங்காமல் அள்ளிக் கொட்டுங்கள். கீழே உமி, மேலே சிறிதாக வெட்டிய வைக்கல் என்று இரண்டையும் சேர்ப்பது நல்லது. ஒரு வெள்ளைக் கல்லையும் முட்டைபோல வைத்துவிட்டால் பேட்டுக்கு இடம் பிடிபடும்.

தீனில் அவசரம் வேண்டாம். முட்டையிடும் கோழிக்கென்று விற்கும் லேயர் தீனில் கல்சியம் 3.5 முதல் 4 வீதம் வரை உண்டு. முட்டைக்கு வெகு முன்னரே தொடர்ந்து கொடுத்தால் குஞ்சின் சிறுநீரகம் கெடும். முட்டை தொடங்கும் தறுவாயில் மாற்றுங்கள். கூடவே தனிச் சிரட்டையில் சிப்பி வையுங்கள். முட்டைக் கோதும் உதவும், காயவைத்து நொறுக்கினால். ஆனால் சிப்பித் துண்டு வயிற்றில் மெல்லக் கரையும். முட்டைக் கோது உருவாவது பெரும்பாலும் இரவில் என்பதால் அதுவே மேல்.

பகல் குறைந்தால் முட்டையும் குறையும் என்று கூட்டில் வெளிச்சத்துக்கு மின்குமிழ் போடுவோர் உண்டு. இங்கே மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. வீட்டுத் தேவைக்கு அது வீண் செலவு. அந்தக் காசில் அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை வாங்கிக் கூட்டின் அடியையும் வாசலையும் அடையுங்கள். கீரி அதிகம் திரியும் வளவென்றால் வலையை ஒரு சாண் மண்ணுக்குள் புதைத்தே விடவேண்டும்.