ரிசர்ச் மெத்தடாலஜி ஆன்லைன் கிளாஸ்: முதல் நாளுக்கே காசு சரியாப் போச்சு, மூணாவது நாள் தண்டம்

பிஎச்டி கோர்ஸ் ஒர்க்ல மெத்தடாலஜி பேப்பர் இருக்கு, யுஜிசி நெட் (லெக்சரர் தகுதித் தேர்வு) பேப்பர் 1 சிலபஸ்லயும் பாசிட்டிவிசம், போஸ்ட் பாசிட்டிவிசம்னு போட்டிருக்கான், கைல இருந்த நோட்ஸ்ல டெஃபனிஷனத் தவிர ஒண்ணும் இல்ல, சரி போனாப் போகுதுன்னு 1,500 ரூபா கட்டி இந்த 3 நாள் கிளாஸ்ல சேந்தேன்.

முதல் நாள் எடுத்த மேடம் வேற லெவல். பாரடைம்ங்கற வார்த்தை (ஆராய்ச்சிய எந்த அடிப்படைக் கண்ணோட்டத்துல பாக்குறோம்ங்கறது) அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் கூன் 1962ல போட்ட புத்தகத்துக்கு அப்புறந்தான் இவ்ளோ பரவுச்சுன்னு ஒரே வரில முடிச்சுட்டு, நேரா நம்ம காலை உணவுத் திட்டத்துக்கு வந்துட்டாங்க, 2022ல மதுரைல ஆரம்பிச்சாங்களே அதான். பாசிட்டிவிஸ்ட்னா அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர எடுத்து திட்டத்துக்கு முன்ன பின்னன்னு எண்ணுவார், போஸ்ட் பாசிட்டிவிஸ்ட் அதே நம்பர வச்சுக்கிட்டு வேற காரணம் இருக்குமோன்னு சந்தேகப்பட்டுக்கிட்டே இருப்பார், இன்டர்ப்ரெட்டிவிஸ்ட் புள்ளைங்களோட பந்தில உக்காந்து அந்த உப்புமா அதுங்களுக்கு என்னவா இருக்குன்னு கேப்பார், கிரிட்டிக்கல் ஆளு யார் சமைக்கிறா, யார் வீட்ல சாப்பிடாதன்னு சொல்லி அனுப்புறாங்கன்னு பாப்பார். ஒரே பள்ளிக்கூடம், கேள்வியே மாறிடுது! ஆன்டாலஜி (எது நிஜம்னு கேக்குறது), எபிஸ்டமாலஜி (அத எப்படி அறியறோம்னு கேக்குறது) எல்லாம் இதுக்கப்புறம் தானா மண்டைல ஏறிடுச்சு.

ரெண்டாவது நாள் டிசைன், சாம்பிளிங், ஓகே ரகம். ஆனா ஒரு விஷயம் சுருக்குன்னு தச்சுது. கொஸ்டினேர் வெறும் மெத்தட்தானாம், ஏன் கொஸ்டினேர், ஏன் உக்காந்து பேசலன்னு நியாயம் சொல்றதுதான் மெத்தடாலஜியாம். என் தீசிஸ்ல மூணாவது சாப்டர் முழுக்க டூல்ஸ் லிஸ்ட்தான், கைடும் ஒண்ணும் சொல்லல, நானும் கண்டுக்கல 😅

மூணாவது நாள் வேற ஒரு சார். எஸ்பிஎஸ்எஸ்ங்கற ஸ்டாட்ஸ் சாஃப்ட்வேர்ல இங்க கிளிக் பண்ணு அங்க கிளிக் பண்ணுன்னே ரெண்டு மணி நேரம், அப்புறம் பி வேல்யூ 0.05க்குக் கீழ வந்தா உங்க ஹைபோதிசிஸ் ப்ரூவ் ஆயிடுச்சுன்னு சொல்றார். ஐயோ சாமி. நல் (null) ஹைபோதிசிஸ், அதாவது வித்தியாசமோ தொடர்போ எதுவும் இல்லங்கற அனுமானம், உண்மையா இருந்தா இப்படியொரு ரிசல்ட்டோ இதவிட அதிகமாவோ வர்ற வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கம்மின்னுதான அதுக்கு அர்த்தம்? முந்தாநாள்தான் அந்த முதல் நாள் மேடம் தத்துவவாதி கார்ல் பாப்பர் பத்தி சொல்றப்ப, ஒரு தியரிய நிரூபிக்க முடியாது, தப்புன்னு காட்டத்தான் முடியும்னு அரை மணி நேரம் பேசினாங்க, ஒரே கிளாஸ்ல ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்களா? சாட்ல கேட்டேன், லைக் போட்டுட்டுப் போயிட்டார்.

ரெக்கார்டிங் ஒரு மாசம் இருக்கும்னாங்க, ஒரு வாரத்துல லிங்க் செத்துப்போச்சு.

5க்கு 3.5. சோஷியல் சயின்ஸ் ஸ்காலர்ஸ் சேரலாம், ஸ்டாட்ஸுக்குன்னு மட்டும் போகாதீங்க. முதல் நாள் மட்டும் தனியா சேர முடியுமான்னு ஜூனியருக்காகக் கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.