கவுலைப் பிளக்கலாமா? பிளந்தால் எந்தப் பக்கம்?

மாடல் விமானத்தில் ஸ்பார்க் ப்ளக்கைப் பார்க்கவோ கார்புரேட்டரில் கை வைக்கவோ ஒவ்வொரு முறையும் ஸ்பின்னர் (ப்ரொப்பல்லரின் நடுவில் இருக்கும் கூம்பு மூடி), ப்ரொப்பல்லர் இரண்டையும் கழற்றி, அப்புறம் என்ஜினை மூடியிருக்கும் கூடான கவுலை முன்பக்கமாக உருவ வேண்டும். பெரிய பெட்ரோல் மாடல்களில் ஃபைபர் கவுலை இரண்டாகப் பிளக்கும் ஆசை வருவதே இதனால்தான்.

பிளக்காமலும் சமாளிக்கலாம். சிலிண்டர் தலைகீழாகத் தொங்குகிறதென்றால், கவுலின் பின்விளிம்பிலிருந்து அதற்கு ஒரு வழி வெட்டிவிட்டால் போதும், கவுல் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். வேலை குறைவு, பலமும் பெரிதாகப் போகாது. ஆனால் ப்ரொப்பல்லரைக் கழற்றும் தொல்லை அப்படியே இருக்கும். என்ஜினை அடிக்கடி தொட வேண்டியதில்லை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இடது வலமாகப் பிளப்பது பலரை இழுக்கும். பெரும்பாலான கவுல்களில் அதை வார்த்த அச்சின் இணைப்புக் கோடு நடுவில் ஓடுவதால், குறி போடாமலே கோடு கிடைத்த மாதிரி. ஆனால் அந்தக் கோடு கீழே சிலிண்டர் ஓட்டையையும் காற்று வெளியேறும் வாயையும் தாண்டித்தான் போகிறது. கவுலில் மிகவும் பலவீனமான இடம் அது. மேலே வரும் கோடோ பார்த்தவுடன் கண்ணில் குத்தும்.

மேல் கீழாகப் பிளப்பதற்குத்தான் என் ஓட்டு. இரு பக்கமும் நீளமான, நேரான இணைப்பு கிடைக்கும். செஸ்னா 172 போன்ற நிஜ விமானங்களிலும் கவுல் இப்படித்தான் பிரிகிறது, அதனால் கோடு தெரிந்தாலும் உறுத்தாது. ஒரே நிபந்தனை: ஸ்பின்னருக்குப் பின்னால் இருக்கும் வளையத்தை வெட்டக் கூடாது. கவுலின் உருவத்தைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். திறக்கத் தேவையில்லாத பாதியோடு வளையம் முழுசாகப் போகட்டும். சிலிண்டர் கீழே இருந்தால் மேல்பாதியோடு. அப்போது ப்ரொப்பல்லர் இருந்த இடத்திலேயே இருக்க, கீழ்ப்பாதி மட்டும் கழன்று வரும்.

வெட்டுச்சக்கரம் கிட்டத்தட்ட 1 மி.மீ. தின்றுவிடும். அந்த இடைவெளியை மூடி ஒட்டினால் கவுலின் வட்டம் கெட்டுவிடும். ஆகவே வெட்டின் கனத்துக்கு அட்டைத் துண்டுகளைச் சொருகி, வெளிப்பக்கம் மாஸ்கிங் டேப் போட்டு இறுக்குங்கள். உள்ளே ஒரு பாதியின் ஓரத்தை 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். மறுபாதியின் ஓரத்தில் பேக்கிங் டேப் ஒட்டுங்கள். இரண்டின் மேலும் 20 மி.மீ. அகலத்தில் கண்ணாடி இழைத் துணியை இரண்டு மூன்று அடுக்கு எபாக்ஸியில் தோய்த்துப் படிய வையுங்கள். இறுகியதும் தேய்த்த பக்கம் பிடித்துக்கொள்ளும், டேப் போட்ட பக்கம் விட்டுவிடும். இதற்குப் பதில் பிளைவுட் பட்டை ஒட்டுபவர்களும் உண்டு. நேரான பக்கச் சுவருக்குச் சரி, இரண்டு திசையிலும் வளையும் மூக்குப் பகுதியில் அது படியாது. முகமூடி இல்லாமல் வெட்ட வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பூட்டுவதற்குக் காந்தம் சுலபம்தான், ஆனால் பெட்ரோல் என்ஜினின் அதிர்வில் அதை மட்டும் நம்ப முடியாது. உள்ளே படிய வைத்த இழைப் பட்டையின் உள்பக்கம் நட்டுகளைப் பதித்து, எம்3 (3 மி.மீ.) திருகுகளைப் போட்டு, அவை கழலாமல் இருக்க மரையில் ஒரு சொட்டு லாக் பசை விட்டால் போதும்.