முன்னால் ஒரு சைபர் போடப்போய் கடன் கணக்கே போனது: புறக்கோட்டைக் கடைக்காரர்கள் கவனம்

எங்கள் கடைக் கணினியில் போன் நம்பர்களைத் திருத்த வந்து கடன் கணக்கை அழித்தவர் இப்போது பக்கத்துத் தெருவில் இன்னொரு கடைக்கும் பேசியிருக்கிறார் என்று வெள்ளிக்கிழமை கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். பெயர் போடப் போவதில்லை. ஆள் யார் என்பதைவிட, என்ன செய்தார், எங்கே பிழை நடந்தது என்று தெரிந்தால்தான் நீங்கள் தப்பலாம்.

நான்காம் குறுக்குத் தெருவில் அப்பாவின் மொத்தக் கடை. செத்தல் மிளகாய், வெங்காயம், பருப்பு. வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கக் கடைக்காரர்கள். சரக்கு இன்றைக்கு லொறியில் ஏறும், காசு கிழமைகள் கழித்து வரும். அந்தக் கடன் கணக்கு முழுதும் ஒரு கணினியில், ஒரே ஒரு பைலில் இருக்கிறது. எஸ்கியூலைட் (SQLite) டேட்டாபேஸ், அதாவது தகவலை அட்டவணைகளாக வைக்கும் மென்பொருள். தனியாக சர்வர் தேவையில்லை, மாதக் கட்டணமும் இல்லை. சின்னக் கடைகளுக்கு எழுதிக் கொடுக்கும் பில்லிங் புரோகிராம்களில் நிறைய இதைத்தான் வைத்திருக்கின்றன. அதைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான்கு வருடமாக ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை.

இருந்த குறை ஒன்றுதான். வாடிக்கையாளர் அட்டவணையில் போன் நம்பர் நிரலை (மேலிருந்து கீழாக ஓடும் கொலம்) புரோகிராமை முதலில் எழுதியவர் முழுஎண் வகையாக வைத்துவிட்டார். 077 என்று அடித்தால் 77 என்றுதான் பதியும். முன்னால் உள்ள சைபரை விழுங்கிவிடும். கடன் ஞாபகப்படுத்தும் மெசேஜ் யாருக்கும் போகாது. அதை எழுதியவர் இப்போது வெளிநாட்டில். நிரலின் வகையை எழுத்து வகையாக மாற்றித்தர வேறு ஆள் தேடினேன். தெரிந்தவர்கள் மூலம் இவர் வந்தார். 30,000 ரூபாய் பேசி 20,000 முற்பணம் வாங்கினார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கடை பூட்டு. “அக்கா, சின்ன வேலை. ஒரு மணித்தியாலத்தில முடிச்சுத் தாறன்.”

“பெக்கப் எடுத்தாச்சா தம்பி?”

“எடுத்தாச்சு அக்கா, என்ட லெப்டொப்பில இருக்கு.”

ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. திரையில் எல்லா நம்பரும் சைபரோடு வரிசையாக நின்றன. “பைலையும் சுத்தம் செய்திருக்கிறன், இனி வேகமா ஓடும்” என்றார். 38 எம்பி இருந்த பைல் 11 எம்பிக்கு வந்திருந்தது. நம்பரையே பார்த்துக்கொண்டிருந்த நான், 27 எம்பி எங்கே போனது என்று கேட்கவில்லை. மிச்சக் காசையும் கொடுத்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஹட்டனிலிருந்து ஒரு முதலாளி எடுத்தார். “மகள், நம்ம மீதி எவ்வளவு நிக்குது? இன்னைக்கு பேங்க்ல போட்டு விடுறேன்.” பெயரை அடித்தேன். மீதி 0.00. அடுத்தவரை எடுத்தேன். 0.00. அதற்கடுத்தவர், 0.00. வெளியே நாட்டாமிமார் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், அப்பா வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். 412 பேரின் பெயரும் போன் நம்பரும் அப்படியே இருந்தன. கடன் அட்டவணையில் ஒரு நிரைகூட (வரிகூட) இல்லை.

வேலை செய்த தம்பிக்கு எடுத்தேன். “அந்த டேபிளை நான் தொடவே இல்ல அக்கா. உங்கட டேட்டா முதல்லயே பழுதா இருந்திருக்கும்.” மாலையில் வேறு பேச்சு: டேட்டா ரிக்கவரிக்கு 60,000 ஆகும். புதன்கிழமைக்குப் பிறகு போனையே எடுக்கவில்லை.

வெள்ளவத்தையில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணா இந்தத் துறையில்தான் வேலை செய்கிறார். இரண்டு இரவு இருந்து, நடந்ததைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டினார். கடன் அட்டவணையை அந்தத் தம்பி தொடவில்லை என்பது உண்மை. ஆனால் அதை அழித்தது அவர் செய்த வேலைதான்.

எஸ்கியூலைட்டில் ஒரு நிரலுக்குப் பெயர் மாற்றலாம் (2018இல் வந்த 3.25 பதிப்பிலிருந்து), நிரலை நீக்கலாம் (2021இல் வந்த 3.35இலிருந்து), புதிதாகச் சேர்க்கலாம். இருக்கிற நிரலின் வகையை மாற்ற நேரடிக் கட்டளை கிடையாது. சரியான வகையோடு புது அட்டவணை ஒன்று உண்டாக்கி, பழையதில் இருப்பதை அதற்குள் ஊற்றி, பழையதை முழுதாக நீக்கி (அதாவது டிராப் செய்து), புதியதற்குப் பழைய பெயரை வைக்க வேண்டும். அவரும் அதைத்தான் செய்தார்.

எங்கள் கடன் அட்டவணையின் ஒவ்வொரு நிரையும் ஒரு வாடிக்கையாளரோடு ஃபொரின் கீ என்ற இணைப்பு மூலம் கட்டப்பட்டது. ‘ஒன் டிலீட் கஸ்கேட்’ என்று அதில் எழுதியிருந்தது. அதாவது வாடிக்கையாளர் அழிந்தால் அவருடைய கடன் நிரைகளும் சேர்ந்து அழியும். ஃபொரின் கீ கண்காணிப்பு இயங்கும்போது ஓர் அட்டவணையை டிராப் செய்தால், எஸ்கியூலைட் முதலில் அதிலுள்ள நிரைகளை ஒவ்வொன்றாக டிலீட் செய்வது போலவே நடந்துகொள்ளும். 412 வாடிக்கையாளர்களும் ‘அழிந்தார்கள்’. கடன் நிரை அத்தனையும் பின்னாலேயே போனது. எந்தப் பிழைச் செய்தியும் வராது.

அந்தத் தம்பி தன் லெப்டொப்பில் முதலில் செய்து பார்த்தபோது சரியாக வந்தது என்றார். வந்திருக்கும். எஸ்கியூலைட்டின் வெறும் கட்டளைத் திரையில் ஃபொரின் கீ கண்காணிப்பு வழக்கமாக நிறுத்தியே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் தனியாகத் திறந்தால்தான் இயங்கும். எங்கள் புரோகிராம் திறக்கும்போதே அதை இயக்கிவிடுகிறது. கடையில் அவர் கட்டளைகளைப் புரோகிராமின் உள்திரை வழியாகக் கொடுத்தார். அதே கட்டளைகள், வேறு முடிவு.

வேலை தொடங்க முதல் ‘பிராக்மா ஃபொரின் கீஸ்’ கட்டளையால் கண்காணிப்பை நிறுத்தியிருக்க வேண்டும். அதையும், மாற்றங்களை ஒரே கட்டாகத் தொடங்கும் ‘பிகின்’ கட்டளையைப் போட முதலே கொடுக்க வேண்டும். பிகினுக்கு உள்ளே கொடுத்தால் அது சத்தமில்லாமல் ஒன்றும் செய்யாது. பிறகு பிகின், புது அட்டவணை, நகல். நகலெடுக்கும்போதே பத்து இலக்கம் வரும்வரை முன்னால் சைபர் நிரப்பலாம், ஆனால் 94 என்று தொடங்கும் 11 இலக்க நம்பர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு அட்டவணையிலும் நிரைகளை எண்ணிச் சரிபார்த்த பிறகே டிராப், அதன்பின் பெயர் மாற்றம். பழைய அட்டவணைக்கு முதலில் பெயர் மாற்றிவிட்டுத் தொடங்குவதும் ஆபத்து. 3.26 பதிப்பிலிருந்து மற்ற அட்டவணைகளின் ஃபொரின் கீ அந்தப் பழைய அட்டவணையின் பின்னாலேயே போய்விடும், அதை டிராப் செய்ததும் இல்லாத அட்டவணையைச் சுட்டிக்கொண்டு நிற்கும்.

டிராப்போடு அந்த அட்டவணையின் இன்டெக்ஸ்களும் (தேடலை வேகமாக்குபவை) டிரிகர்களும் (ஒன்று மாறும்போது தானாக ஓடும் கட்டளைகள்) போய்விடும், திரும்ப எழுத வேண்டும். கடன் எல்லையை மாற்றினால் பழைய தொகையைக் குறித்துவைக்கும் டிரிகர் ஒன்று எங்களிடம் இருந்தது. அது இல்லை என்பதே இரண்டு கிழமை கழித்துத்தான் தெரிந்தது. கடைசியில், அறுந்த இணைப்பு ஏதும் உண்டா என்று பார்க்கும் ‘ஃபொரின் கீ செக்’. அது வெறுமையாக வந்தால் மட்டும், செய்ததை நிரந்தரமாகப் பதியும் ‘கொமிட்’, பிறகு கண்காணிப்பைத் திரும்ப இயக்குவது.

எனக்கு ஆறாதது இதுதான். எஸ்கியூலைட்டில் கிரியேட்டும் டிராப்பும்கூட பிகினுக்குள் அடங்கும். பிகின் போட்டு, எல்லாம் செய்து, கொமிட்டுக்கு முதல் கடன் அட்டவணையை ஒரே ஒரு தரம் எண்ணியிருந்தால் பூச்சியம் என்று தெரிந்திருக்கும். ‘ரோல்பெக்’ என்று ஒரு சொல் அடித்தால் எல்லாம் பழையபடி வந்திருக்கும். அவர் பிகின் போடவே இல்லை.

பிறகு அந்த ‘சுத்தம்’. டிலீட் செய்த தகவல், அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை பெரும்பாலும் பைலுக்குள்ளேயே கிடக்கும். உடனே புரோகிராமை மூடி, பைலை நகலெடுத்து வைத்திருந்தால் ஓரளவாவது மீட்டிருக்கலாம் என்று அண்ணா சொன்னார். இவரோ கையோடு ‘வெக்கியூம்’ ஓட்டியிருந்தார். அது பைலைப் புதிதாகக் கட்டி, வெற்றுப் பக்கங்களை எறிந்துவிடும். எங்கள் 27 எம்பி அங்கேதான் போனது. 60,000 கேட்ட ரிக்கவரிக்கு அந்தப் பைலில் எடுக்க எதுவுமே இருக்கவில்லை.

லெப்டொப் பெக்கப்பை மட்டும் செவ்வாய்க்கிழமை கெஞ்சி வாங்கினேன். அதில் வியாழன் மதியத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. எங்கள் டேட்டாபேஸ் டபிள்யூ.ஏ.எல். முறையில் ஓடுகிறது. புது எழுத்தெல்லாம் பக்கத்திலுள்ள இன்னொரு பைலில் சேர்ந்து, பிறகுதான் பிரதான பைலுக்குள் இறங்கும். வியாழன் திறந்த ஓர் அறிக்கைத் திரை மூடப்படாமல் வாசித்துக்கொண்டே இருந்ததால் அதற்குப் பின் வந்தவை இறங்கவில்லை. புரோகிராம் ஓடும்போதே பிரதான பைலை மட்டும் அவர் இழுத்து நகலெடுத்திருக்கிறார். ‘வெக்கியூம் இன்டு’ அல்லது ‘.பெக்கப்’ கட்டளையால் எடுத்திருந்தால் முழுமையாக வந்திருக்கும்.

தீபாவளிக்கு முந்தின இரண்டரை நாள் வியாபாரம் அது. பில் எல்லாம் சூட்டுத் தாளில், கார்பன் கொப்பி இல்லை. லொறிச் சிட்டைகளை வைத்து அப்பா ஒவ்வொருவராக எடுத்தார். ஹட்டன் முதலாளி தன் பில்களைப் படமெடுத்து அன்றே அனுப்பினார். அப்படி அனுப்பியவர்கள் பலர். 9 பேரின் கணக்கு இன்னும் தீரவில்லை.

உங்கள் கடைக்கு யாராவது இந்த வேலைக்கு வந்தால், ஃபொரின் கீயை எப்போது நிறுத்துவீர்கள், எத்தனை டிரிகர் இருக்கிறது, கொமிட்டுக்கு முதல் எதை எண்ணிப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். பதிலில் தடுமாறினால் முற்பணம் கொடுக்காதீர்கள். பெக்கப் உங்கள் பென் டிரைவில் இருக்க வேண்டும். வேலை தொடங்க முதல் அதை வேறு கணினியில் திறந்து, பைல் பழுதில்லையா என்று பார்க்கும் ‘இன்டெக்ரிட்டி செக்’ ஓட்டி, நேற்றைய கடைசி பில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் புறக்கோட்டைக்காரர்கள் யாராக இருந்தாலும் எனக்கு மெசேஜ் போடுங்கள். கடை வேலை மாலை நான்குக்குக் குறையும். பென் டிரைவைக் கொண்டு வந்தால் சேர்ந்து பார்க்கலாம், காசு எதுவும் வேண்டாம்.