கேரல் ரவுண்ட்ஸில் கீபோர்டுக்குக் கரண்ட்: பென்சில் செல்லா, பவர் பேங்க்கா, 12 வோல்ட் பேட்டரியா?

டிசம்பர் பாதியைத் தாண்டிவிட்டால் எங்கள் சபை வாலிபர்கள் இரவு எட்டு மணிக்குக் கிளம்பி, தெருத்தெருவாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடி முடித்து, விடியற்காலை மூன்று நான்கு மணிக்குத்தான் வீடு திரும்புவார்கள். ஒரு சின்ன லோடு வண்டி, அதில் ஒரு கீபோர்டு, ஒரு ஆக்டபேட் (குச்சியால் தட்டி வாசிக்கும் எலக்ட்ரானிக் டிரம்), ஒரு ட்ராலி ஸ்பீக்கர். வண்டி போகாத சந்துகளில் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு நடப்போம். ஒரு வீட்டில் பத்து நிமிஷம்தான் நிற்போம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து மாட்டுவதற்குள் பாட்டே முடிந்துவிடும். அதனால் பேட்டரிதான் வழி. கீபோர்டு வாசிக்கிறவன் என்ற முறையில் ஏறக்குறைய எல்லா வகையையும் சில வருஷங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டேன்.

"எத்தனை மணி நேரம் வரும்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: பாட்டின் நடுவில் கட் ஆகாமல் இருக்குமா? ஒரு வருஷம் பவர் பேங்க்கில் ஓடிக்கொண்டிருந்தது கீபோர்டு. இரண்டாவது சரணத்தில் தம்பி ஒருவன் அதே பவர் பேங்க்கின் இன்னொரு போர்ட்டில் தன் போனைச் சொருகினான். ஒரு நொடி கரண்ட் போய் வந்தது, அவ்வளவுதான். கீபோர்டு அணைந்து, மறுபடி பியானோ ஒலியோடு விழித்துக்கொண்டது. ஆனால் இரண்டு கட்டை ஏற்றி வைத்திருந்த டிரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்குப் போய்விட்டது. நான் அதைக் கவனிக்காமல் வாசிக்க, பாடகர்கள் ஒரு சுருதியிலும் நான் இன்னொரு சுருதியிலுமாகிப் பாட்டே நின்றது. வாசலில் கைகூப்பி நின்ற பாட்டியின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எந்த பேட்டரியானாலும் முதல் வேலை, கருவியின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படிப்பது. வோல்ட் எவ்வளவு, பிளக்கின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா? யமஹாவின் பிஎஸ்ஆர் வரிசைக் கீபோர்டுகளில் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பிளஸ். ரோலண்ட், பாஸ் (Boss) கம்பெனிக் கருவிகளில் 9 வோல்ட், நடுவில் மைனஸ் என்பது பரவலாக உண்டு. எங்கள் வண்டியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, பிளக்கும் பார்க்க ஒரே மாதிரி. இருட்டில், அவசரத்தில் மாற்றிச் சொருகினால் கருவி போயே போய்விடலாம். அதனால் கீபோர்டு ஒயரில் சிவப்பு டேப், ஆக்டபேட் ஒயரில் மஞ்சள் டேப். இருநூறு முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

பென்சில் செல்

இதை இப்போது யாரும் மதிப்பதில்லை. எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு. யமஹா பிஎஸ்ஆர்-இ373 போன்ற கீபோர்டுகளில் அடியில் ஆறு பென்சில் செல் போடும் இடம் இருக்கிறது. கருவியைச் செய்தவர்களே யோசித்து வைத்த வழி அது. தொங்கும் ஒயர் கிடையாது, பிளஸ் மைனஸ் குழப்பம் கிடையாது, இரைச்சலும் கிடையாது. தோளில் மாட்டிக்கொண்டு நடக்க இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை.

கணக்குதான் கொஞ்சம் இடிக்கும். எனலூப் மாதிரியான ரீசார்ஜ் செல் ஒன்று 1.2 வோல்ட், சுமார் 2000 மில்லி ஆம்பியர் அவர். ஆறும் சேர்ந்து 7.2 வோல்ட், அதாவது 14 வாட் அவர் சொச்சம் (ஒரு வாட் இழுக்கும் கருவி 14 மணி நேரம் ஓடும் அளவு). கீபோர்டு 6 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் இரண்டேகால் மணி நேரம். இதை நீட்ட ஒரு வழி இருக்கிறது. வெளி ஸ்பீக்கருக்கு ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஒயர் எடுத்தால் கீபோர்டின் சொந்த ஸ்பீக்கர்கள் அணைந்துவிடும். அவற்றை அதிரவைக்கத்தான் கரண்ட் அதிகம் போகிறது. அப்புறம், ரீசார்ஜ் செல் போட்டால் ஃபங்ஷன் மெனுவில் பேட்டரி வகையை அதற்கேற்ப மாற்றுங்கள். ஆல்கலைன் என்றே விட்டுவைத்தால் செல்லின் ஆயுள் குறையும். இரண்டு செட் வாங்கி, ஒன்று ஓடும்போது மற்றொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் நான்கு மணி நேரத்துக்குக் கவலை இல்லை. ஒரு தெரு பஜனைக்கோ இரண்டு மணி நேர ஊர்வலத்துக்கோ இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து.

பவர் பேங்க்

முழு இரவு ஓட வேண்டுமென்றால் எல்லோர் கையும் இதைத்தான் தேடும். 20,000 மில்லி ஆம்பியர் அவர் என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 3.7 ஆல் பெருக்கினால் 74 வாட் அவர். வோல்டேஜை ஏற்றும்போது கொஞ்சம் சூடாகவே வீணாகும், ஆகவே கைக்கு 60 வரும் என்று வையுங்கள். 6 வாட் கீபோர்டுக்குப் பத்து மணி நேரம். அதுவே ஓர் இரவுக்கு மேல்.

சிக்கல் ஒயரில் இருக்கிறது. இரண்டு வகைக் கேபிள்கள் கிடைக்கின்றன. முதலாவது, வைஃபை ரூட்டருக்காக விற்கும் ஸ்டெப்-அப் கேபிள். சாதாரண 5 வோல்ட் போர்ட்டிலிருந்து 12 வோல்ட் செய்து தரும். ரூட்டர் அமைதியான பிராணி, சீராக ஒரே அளவு கரண்ட் எடுக்கும். கீபோர்டு அப்படி இல்லை. தாளத்தோடு பேஸ் ஓங்கி அடிக்கும்போது திடீரென்று இழுக்கும். மலிவுக் கேபிள் அந்த இடத்தில் தடுமாறும், கூடவே "கீ..." என்று மெல்லிய இரைச்சலையும் ஸ்பீக்கருக்குள் விடும்.

இரண்டாவது, பிடி (PD, அதாவது பவர் டெலிவரி என்ற சார்ஜிங் முறை) ட்ரிகர் கேபிள். இது தானாக வோல்டேஜை ஏற்றாது, "எனக்கு 12 வோல்ட் கொடு" என்று டைப்-சி போர்ட்டிடம் கேட்டு வாங்கும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் கவனியுங்கள்: பிடி தரத்தின் வழக்கமான படிகள் 5, 9, 15, 20 வோல்ட். 12 அதில் கட்டாயம் இல்லை. தரும் பவர் பேங்க்குகளும் உண்டு, தராதவையும் உண்டு. பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் 12 வோல்ட் என்று இருக்கிறதா பார்த்துத்தான் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கேபிளுக்கு 12 வோல்ட்டுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும், கீபோர்டு ஒழுங்காக ஓடும் என்று நம்ப முடியாது. பட்டனை அழுத்தி வோல்டேஜை மாற்றும் ட்ரிகர் போர்டுகளை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். கை தவறிப்பட்டு 20 வோல்ட் போனால் கீபோர்டு அத்தோடு முடிந்தது. எந்தக் கேபிளையும் முதலில் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டே கருவியில் சொருகுங்கள்.

பவர் பேங்க்குக்கு இன்னொரு குணம்: இழுக்கும் கரண்ட் மிகக் குறைவாக இருந்தால் போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். கீபோர்டு போதுமான அளவு இழுப்பதால் இந்தத் தொல்லை அதற்கு அநேகமாக வராது. சின்ன எஃபெக்ட்ஸ் பெடல், மைக் ரிசீவர், சுருதிப் பெட்டி போன்றவற்றுக்கு வரும். கீபோர்டும் தன் பங்குக்கு அணையக்கூடும். யமஹாவில் அரை மணி நேரம் தொடாமல் இருந்தால் ஆட்டோ பவர் ஆஃப் வேலை செய்யும். ஒரு வீட்டில் ஜெபம் நீண்டு, காபியும் கேக்கும் வந்துவிட்டால் அரை மணி சுலபமாக ஓடிவிடும். கடைசி இடதுபக்கக் கட்டையை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் அந்த வசதி நீங்கிவிடும்.

போன் சொருகிய கதைக்கு வருகிறேன். பல பவர் பேங்க்குகளில் இரண்டாவது போர்ட்டில் எதையாவது மாட்டினால், யாருக்கு எவ்வளவு என்று மறுபடி பங்கு பிரிக்க ஒரு கணம் எல்லா வெளியீட்டையும் நிறுத்தும். ஆகவே கீபோர்டுக்கு ஒரு பவர் பேங்க் என்றால் அது கீபோர்டுக்கு மட்டும்தான். மற்ற போர்ட்டுகளை இப்போது டேப் ஒட்டி மூடிவிடுகிறேன்.

12 வோல்ட் பேட்டரிகள்

யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் சீல்டு பேட்டரி எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் இரண்டு கிலோவுக்கு மேல் எடை. முழுவதும் காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் 84 வாட் அவரில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம். வண்டியில் வைத்தால் சரி, நடந்து போக ஆகாது. பைக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வருவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஆசிட் சிந்தும் வகையாக இருந்தால், கூட்டத்தின் நடுவே சாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இதே இடத்துக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் அருமையான மாற்று. நான்கு செல், 12.8 வோல்ட். 6 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்று 77 வாட் அவர் தரும், எடை ஒரு கிலோகூட வராது. கடைசிவரை வோல்டேஜ் பெரிதாக இறங்காது. சார்ஜ் ஏறும்போது 14.6 வரை போகும் என்பதால் நடுவில் 12 வோல்ட்டுக்குப் பூட்டிய ஒரு பக்-பூஸ்ட் மாட்யூல் (வோல்டேஜை ஏற்றியோ இறக்கியோ ஒரே அளவில் தரும் சின்ன சர்க்யூட்) வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எளிதாகக் கிடைக்கும். பிளஸ் ஒயரில் 2 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் போடுங்கள். இந்த பேட்டரிகள் ஷார்ட் ஆனால் ஒயர் உருகித் தீப்பிடிக்கும் அளவுக்குக் கரண்ட் பாயும். சால்டரிங் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் மட்டும் இந்த வழிக்கு வாருங்கள்.

சின்ன இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் செய்து, அதில் அடாப்டரை மாட்டி மறுபடி 12 வோல்ட்டுக்கு இறக்குவது இரட்டை வீண். மலிவு இன்வெர்ட்டர்களின் உறுமலும் ஸ்பீக்கரில் கேட்கும். ட்ராலி ஸ்பீக்கருக்குள் இருக்கும் பேட்டரியிலிருந்தே கீபோர்டுக்கும் ஒயர் எடுத்துப் பார்த்தோம். பேஸ் அடிக்கும்போதெல்லாம் வோல்டேஜ் சரிந்தது, இரைச்சலும் சேர்ந்துகொண்டது. ஸ்பீக்கருக்கும் கருவிக்கும் தனித்தனி பேட்டரி இருந்தால்தான் ஒலி சுத்தமாக இருக்கும்.

இந்த வருஷம் எங்கள் ஏற்பாடு இதுதான். வண்டியில் இருக்கும்போது கீபோர்டு 12 வோல்ட் தரும் பவர் பேங்க்கில், ட்ரிகர் கேபிள் வழியாக ஓடும். ஆக்டபேட்டுக்குத் தனியாக இன்னொரு சின்ன பவர் பேங்க், 9 வோல்ட் கேபிள். கீபோர்டுக்குள் சார்ஜ் ஏற்றிய ஆறு பென்சில் செல்கள் எப்போதும் இருக்கும். சந்துக்குள் இறங்கும் முன் கீபோர்டை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, செல்லில் ஆன் செய்துகொள்வேன். ஓடும்போதே பிடுங்கினால் சில நேரம் அணைந்துவிடுகிறது. டிரான்ஸ்போஸ் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கீபோர்டின் மேல் ஒட்டியிருக்கிறேன். மழைக்குப் பவர் பேங்க்குகள் இரண்டையும் மூடியுள்ள டிபன் பாக்ஸில் வைத்து, ஒயர் வெளியே வர ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டாயிற்று.