20 கேபி ராம்ல ஃப்ரீஆர்டிஓஎஸ், போடலாமா வேணாமா?

தண்டையார்பேட்டைல எங்க வீட்டு சம்ப் மோட்டாருக்கு கன்ட்ரோலர் பண்ண ப்ளூ பில்னு ஒரு குட்டி மைக்ரோகன்ட்ரோலர் போர்டுல ஃப்ரீஆர்டிஓஎஸ் (சின்ன சிப்புல பல வேலைய பிரிச்சு ஓட்டுற குட்டி ஓஎஸ்) போட்டு ஓட்டிட்டிருக்கேன், 72 மெகாஹெர்ட்ஸ் சிப்பு, ஃப்ளாஷ் 64 கேபி, ராம் வெறும் 20 கேபி. ஃப்ரீஆர்டிஓஎஸ் 2003ல ரிச்சர்ட் பாரி ஆரம்பிச்சது, 2017ல இருந்து அமேசான் பாத்துக்குது, எம்ஐடி லைசென்ஸ், பைசா செலவில்ல.

கெர்னல், அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதி, சின்னதுதான், ராம முழுங்குறது ஸ்டாக், அதாவது ஒரு வேல ஓடும்போது தற்காலிகமா எழுதி வச்சுக்கிற எடம். ஒவ்வொரு டாஸ்குக்கும் (வேலைக்கும்) தனியா ஸ்டாக் குடுக்கணும், 128னு போட்டா 128 பைட்னு நெனச்சுக்காதீங்க, இந்த சிப்புல அது வேர்ட் கணக்கு, ஒரு வேர்ட் 4 பைட், அதாவது 512 பைட், இதுல எழுத்து அச்சடிக்கிற ப்ரின்ட்எஃப் ஃபங்ஷன வேற கூப்டா இன்னும் கேக்கும். ஒரு டாஸ்க் இன்னொண்ணோட மெமரிய தொடாம தடுக்குற எம்எம்யூலாம் கெடையாது, ஒரு டாஸ்க் எல்ல தாண்டுச்சுன்னா பக்கத்து டேட்டாவ நாசம் பண்ணிட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி ஓடிட்டே இருக்கும், அதனால டெஸ்ட் பண்ணும்போது ஸ்டாக் ஓவர்ஃப்ளோ செக்க கண்டிப்பா ஆன் பண்ணுங்க, ஹை வாட்டர் மார்க் (ஸ்டாக்ல மிச்சமிருந்த கொறஞ்சபட்ச எடம்) பாத்து அப்புறம் கொறைங்க.

ஹீப் (கேட்டு வாங்கிக்கிற மெமரி) அஞ்சு வகை குடுக்குறாங்க, எனக்கு ஹீப் 1 போதும், அதுல குடுத்த மெமரிய திரும்ப வாங்க முடியாது, மோட்டார் ஆன் ஆஃப் பண்றதுக்கு திரும்ப வாங்குறது எதுக்கு?

பிடிச்சது ப்ரியாரிட்டி, அதாவது எந்த டாஸ்க் முதல்லங்கிற வரிசை. டிஸ்ப்ளே என்ன வேல பாத்துட்டு இருந்தாலும் தண்ணியில்லாம ஓடுற மோட்டார நிறுத்துற ட்ரை ரன் கட் ஆஃப் டாஸ்க் உள்ள பூந்துரும், மெட்ரோ வாட்டர் நின்னா மோட்டார் காயாது. ஆனா பெரிய ப்ரியாரிட்டி டாஸ்க் சும்மா லூப்ல சுத்துனா கீழ இருக்கறது எதுவும் ஓடாது.

2 கேபி ராம் உள்ள அர்டுயினோ ஊனோ போர்டா, இது வேணாம்பா, சாதா லூப்பே எழுதிக்கோ.