மூன்று வருடமாகக் கர்லில்தான் எழுத்துரு இறக்குகிறேன்

இலவச எழுத்துருக்கள் கிடைக்கும் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் டவுன்லோட் பட்டனை அழுத்தி மூன்று வருடத்துக்கு மேல் இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழோ முக்தா மலரோ, எந்த எழுத்துருவானாலும் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் திரையில், கர்ல் (curl) என்ற இறக்கும் கருவி வழியாகத்தான் எடுக்கிறேன். எழுத்துருவின் பெயரைக் கூகுள் ஃபான்ட்ஸ் முகவரியில் சேர்த்து எண்டர் தட்டினால், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் (CSS) வந்துவிடும். அதிலிருக்கும் இணைப்பைப் பிடித்துக் கோப்பை இறக்கி என் சர்வரிலேயே வைத்துக்கொள்வேன். எழுத்துருவைக் கூகுளின் சர்வரிலிருந்தே ஏற்றுவதால் வாசகரின் ஐபி முகவரி கூகுளுக்குப் போகிறது என்பதற்காக ஒரு தளத்துக்காரரை 100 யூரோ கட்டச் சொல்லி 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அதைப் படித்த பிறகு வந்த பழக்கம் இது.

ஆரம்பத்தில் ஒரு விஷயம் குழப்பியது. அதே முகவரியைப் பிரவுசரில் திறந்தால் தமிழுக்கு ஒன்று, லத்தீனுக்கு ஒன்று என்று துண்டு துண்டாக வாஃப்2 (WOFF2) என்ற, இணையத்துக்கான சுருக்கிய எழுத்துருக் கோப்புகள் வருகின்றன. கர்லில் கேட்டால் முழு எழுத்துருவும் ஒரே டிடிஎஃப் (TTF) கோப்பாக வருகிறது. கேட்பது எந்த மென்பொருள் என்று சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியைப் பார்த்து ஆளுக்கேற்றபடி பரிமாறுகிறார்கள். எனக்கு இதுவே வசதி. முழுக் கோப்பிலிருந்து வேண்டியதை மட்டும் ஃபான்ட்டூல்ஸ் (fontTools) என்ற கருவியால் வெட்டி நானே வாஃப்2 ஆக்கிக்கொள்ளலாம்.

வெட்டுவதிலும் ஒருமுறை சறுக்கினேன். தமிழுக்கான யூனிகோட் பகுதியை மட்டும் கொடுத்தேன். விலைப்பட்டியலில் எழுத்தெல்லாம் அழகாக வந்தது, ₹ குறியும் எண்களும் மட்டும் வேறு எழுத்துருவில் ஒட்டாமல் நின்றன. ₹ இருப்பது நாணயக் குறிகளின் பகுதியில். (தமிழ்ப் பகுதியில் ரூபாய்க்கென்றே ௹ என்று ஒன்று உண்டு. யார் எழுதுகிறார்கள்?)

இதைவிட மோசமாக மானம் போனது ஒரு அரைப்புள்ளியால். 400, 700 என இரண்டு தடிமனும் வேண்டுமென்றால் முகவரியில் அவற்றுக்கு நடுவே அரைப்புள்ளி போட வேண்டும். மேற்கோள் குறி போடாமல் தட்டிவிட்டேன். டெர்மினலில் கட்டளைகளைப் படிக்கும் பாஷுக்கு (bash) அரைப்புள்ளி என்றால் கட்டளை முடிந்தது என்று பொருள். 400-ஐ மட்டும் வாங்கிக்கொண்டு, 700 என்று ஒரு கட்டளையே இல்லை என்றது. அந்த வரியை நான் கவனிக்கவில்லை. தளத்தில் தலைப்புகளைப் பிரவுசர் தானாகவே தடிக்க வைத்தது. ண, ன சுழிகள் அடைத்துக்கொண்டன, புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வாரம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. இப்போது கை தானாக மேற்கோள் போடுகிறது.

அதிகம் பேருக்குத் தெரியாத வசதி, முகவரியில் சேர்க்கும் டெக்ஸ்ட் (text) என்ற கூடுதல் குறிப்பு. பதாகையில் ‘பொங்கல் வாழ்த்துகள்’ மட்டும் வேண்டுமா, அந்த எழுத்துகள் மட்டுமே உள்ள குட்டிக் கோப்பு கிடைக்கும். ஒரே சங்கடம், முகவரியில் தமிழின் ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக நீளும். அந்த மாற்றத்தைக் கர்லே செய்துகொள்ள ஒரு தெரிவு இருக்கிறது. கையால் செய்யாதீர்கள்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க மட்டும் இன்னும் பிரவுசர்தான். ‘ழ’ எப்படிச் சுழிகிறது என்று டெர்மினலில் பார்க்க முடியாதே.