ஃபிஷரா, வெரோனேசியா: எந்த ஆய்வை முதலில் படிப்பது?

மார்பகப் புற்றுநோய்க்கு மார்பகத்தை முழுமையாக அகற்றுவதற்குப் பதிலாகக் கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா என்று ஆராய்ந்தவர்களுள் அமெரிக்கரான பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியரான உம்பெர்த்தோ வெரோனேசியும் முதன்மையானவர்கள். இருவரின் 20 ஆண்டு முடிவுகளும் 2002 அக்டோபரில் ஒரே மருத்துவ இதழில் அடுத்தடுத்து வெளிவந்ததால், எதில் தொடங்குவது என்று மாணவர்கள் தயங்குவது இயல்பே.

அளவு: வெரோனேசியின் மிலான் ஆய்வில் 701 பெண்கள், கட்டி 2 செ.மீ. வரை, ஃபிஷரிடம் 1,851 பேர், 4 செ.மீ. வரை.

அறுவை: வெரோனேசி மார்பகத்தின் கால் பகுதியை எடுத்தார்; ஃபிஷர் கட்டியையும் அதைச் சுற்றிய சிறிதளவு திசுவையும் மட்டுமே எடுத்தார்.

உயிர்பிழைப்பு: இரண்டு ஆய்வுகளிலும், மார்பகம் முழுமையாக அகற்றப்பட்டோருக்கும் காக்கப்பட்டோருக்கும் இடையே வேறுபாடு இல்லை.

கதிர்வீச்சு: மிலானில் மார்பகம் காக்கப்பட்டோருக்குக் கதிர்வீச்சும் சேர்த்தே தரப்பட்டதால், அதைத் தவிர்த்தால் என்னவாகும் என்பதை அந்த ஆய்வு சொல்லாது. ஃபிஷரோ அதற்கெனத் தனிக் குழுவையே வைத்தார். கதிர்வீச்சு பெற்றோரில் 14.3 விழுக்காட்டினருக்கும் பெறாதோரில் 39.2 விழுக்காட்டினருக்கும் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. மாண்ட்ரியல் மருத்துவர் ஒருவர் பொய்த்தரவு சேர்த்தது 1994இல் அம்பலமாகி ஃபிஷரின் ஆய்வு பெரும் சர்ச்சைக்குள்ளானபோதும், அத்தரவை நீக்கிய மறுகணக்கீட்டில் முடிவு மாறவில்லை.

கதிர்வீச்சின் பங்கை அறிய விரும்புவோர் ஃபிஷரிடம் தொடங்கலாம். மார்புத் தசைகளையும் சேர்த்து அகற்றிய ஹால்ஸ்டெட் முறையோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வைத் தேடுவோருக்கு வெரோனேசியே பொருத்தமானவர்.